ஒழுகும் டிரம்மும் அப்பாவின் முட்டியும்

ஜீவாமிர்தம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அளவை எழுதிவிடுகிறார்கள். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். நிழலில் வைத்து காலையும் மாலையும் கலக்கிவிட்டால் 48 மணி நேரத்தில் ஒரு ஏக்கருக்கு ஆச்சு. சுபாஷ் பாலேக்கர் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஊருக்கு ஊர் வெல்லத்தில் கொஞ்சம், மாவில் கொஞ்சம் என்று மாறும், அவ்வளவுதான்.

ஆனால் ஊறி நுரைத்து நிற்கிற அந்த 200 லிட்டரை டிரம்மிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்று யாரும் எழுதுவதில்லை. நகரத்திலிருந்து தோட்டம் பார்க்க வருகிற நண்பர்கள் மாட்டைப் படம் எடுப்பார்கள், சாணியைக்கூட எடுப்பார்கள். டிரம்மின் அடியில் இருக்கிற குழாயை யாரும் எடுத்ததாக ஞாபகம் இல்லை. இந்தத் தடவை எழுதப்போவது அந்தக் குழாயைப் பற்றித்தான். மூன்று மாசம் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அதுதான்.

எங்கள் தோட்டம் கொடுமுடிக்குப் பக்கம். பஞ்சகவ்யத்தை விவசாயிகளிடம் கொண்டுபோன டாக்டர் நடராஜன் இந்த ஊர்க்காரர்தான், அதனால் எங்கள் பக்கம் கரைசல் வேலை புதுசே இல்லை. முன்பெல்லாம் வாய்க்கால் தண்ணீரோடு கலந்து பாத்தியில் போகவிடுவோம். வாளியில் மொண்டு மடைவாயில் ஊற்றினால் முடிந்தது. மஞ்சளுக்குச் சொட்டுநீர் போட்ட பிறகு அது நடக்காது. கரைசலை வடிகட்டி, மோட்டார் ஓடும்போது வென்சூரி வழியாக உறிஞ்சவைக்க வேண்டும். ஒரு நார் உள்ளே போனால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். அடைத்ததைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த இடத்து மஞ்சள் வாடியிருக்கும்.

கரைசல் அப்பாவின் வேலை. அவருக்கு வயது 74. எனக்கோ என் மனைவிக்கோ அதில் கை வைக்க அனுமதி கிடையாது. வலது முட்டியை மாற்றி இரண்டு வருசம் ஆகிறது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 200 லிட்டர் என்றால் 15 லிட்டர் வாளியில் பதிமூணு, பதினாலு நடை. கட்டுத்தரையிலிருந்து மோட்டார் ரூமுக்கு. ஆபரேஷன் முடிந்து நாலாவது மாசமே அரை வாளி அரை வாளியாக அவர் சுமக்க ஆரம்பித்ததைப் பார்த்துத்தான், மோட்டார் ரூம் பக்கத்திலேயே ஹாலோ பிளாக் ஒரு வரிசை அடுக்கி, அதன்மேல் அடியில் குழாய் வைத்த நீல டிரம்மை உட்காரவைத்தோம். அவர் கலக்கலாம், வால்வைத் திருப்பலாம், மிச்சத்தைக் கரைசலே நடந்து போய்க்கொள்ளும்.

டிரம் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஓட்டை போட்டு ஒன்றரை இஞ்ச் டேங்க் நிப்பிள் மாட்டி, "அப்படியே வெச்சுக்கலாமுங்க" என்று கொடுத்தார்கள். வைத்தோம். முதல் வாரமே நிப்பிளைச் சுற்றி ஈரம். ரெண்டாவது வாரம் சொட்டு.

சொட்டு என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு நொடிக்கு ஒரு சொட்டு, ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். 48 மணி நேரம் ஊறுவதற்குள் அரை வாளிக்கு மேல் போச்சு. அது போனால் போகட்டும், சாணியும் கோமியமும் வெல்லமும் மாடு தந்ததும் கடை தந்ததும்தான். பிரச்சினை அது விழுந்த இடம். சிமெண்டுத் தளம். வெல்லமும் மாவும் கலந்த சாணித் தண்ணீர் தளத்தில் தொடர்ந்து விழுந்தால் ஒரு வாரத்தில் கெண்டை மீன் முதுகு மாதிரி ஆகிவிடும். அதில்தான் அப்பா நின்று கலக்க வேண்டும்.

"ஏனுங்க, அந்த வழுக்கல்ல மாமா ஒரு நாளைக்கு விழுந்தாருன்னா, அப்புறம் கரைசலும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம்னு ஆயிருமுங்க" என்றாள் மனைவி. அவள் பேச்சை வளர்க்கிறவள் இல்லை. ஆடிப் பதினெட்டுக்குள் அது நிற்காவிட்டால் டிரம்மை உருட்டிவிட்டுவிடுவதாகவும், மாமாவிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள்.

அப்பாவிடம் அவள் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். கரைசல் வேலையை நிறுத்தச் சொல்வாள். நிறுத்தினால் அவர் காலை ஐந்தரைக்கு எழுந்து எங்கே போவார்?

அவரோ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "சொட்டுதானே சாமி, ஒரு சட்டிய வெச்சாப் போச்சு." வைத்தார். சட்டி நிறைந்ததும் குனிந்து எடுத்து மறுபடி டிரம்முக்குள் ஊற்றினார். எந்த முட்டிக்காகக் குழாய் வைத்தோமோ அந்த முட்டியை மடக்கி ஒரு நாளைக்கு நாலு தடவை குனிந்தார்.

ஊரில் ஒரு குழாய் ஒழுகினால் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? குழாய்க்கடைத் தம்பி ஒரு டப்பா பிவிசி பசை கொடுத்தார், நிப்பிளைச் சுற்றித் தடவச் சொன்னார். காய்ந்ததும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. மச்சான் ஒருத்தர், ரெண்டு கலர் மாவைப் பிசைந்து ஒட்டுகிற பிசினைக் கொண்டுவந்து கொழுக்கட்டை மாதிரி அப்பினார். கல்லு மாதிரி இறுகியது. மூன்றாம் நாள் டிரம்மைத் தட்டியதும் கொழுக்கட்டை முழுசாகக் கையில் வந்துவிட்டது, பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஒரு துளிகூட டிரம்மோடு ஒட்டவே இல்லை.

காரணம் டிரம்மின் அடியிலேயே இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும். பாலித்தீன் வகை. பிவிசி பசை ஒட்டுவதில்லை, கரைக்கிறது. பிவிசி குழாயின் மேல்தோலைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பாலித்தீனை அதால் கரைக்க முடியாது. மற்றப் பிசின்களுக்கும் அதில் பிடிமானம் கிடையாது, தாமரை இலைத் தண்ணீர்தான். ஆசிட், எண்ணெய் எல்லாம் அடைத்து வைக்க இந்த டிரம்மைச் செய்வதே அது எதையும் ஒட்டவிடாது என்பதால்தானே.

அப்பாவின் வைத்தியம் தனி. சாம்பலும் சாணியும் குழைத்து அப்பினார். "சாணித் தண்ணிய சாணியே அடைச்சுக்கும்." உண்மையைச் சொன்னால் இந்த மூன்றில் அதுதான் வேலை செய்தது. கரைசலில் உள்ள நார் ஓட்டைக்குள் வந்து உட்கார்ந்து நாலு நாள் சொட்டு நின்றது. டிரம்மைக் கழுவியதும் பழைய கதை.

ஆனி கடைசியில் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து, கழுவி, ரெண்டு நாள் வெயிலில் படுக்கப் போட்டுக் காயவைத்தேன். நிப்பிளைக் கழற்றினால்தான் விஷயம் தெரியும். கழற்ற உள்ளே ஒரு கை வேண்டும், வெளியே ஒரு கை வேண்டும். மூன்றடி ஆழத்துக்கு என் கை எட்டாது. ஏழாம் வகுப்பு படிக்கிற பாப்பா, படுத்துக் கிடந்த டிரம்முக்குள் தோள் வரை புகுந்து, கட்டிங் பிளேயரில் நிப்பிளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். கூலி ஒரு பரோட்டா பார்சல். (கரைசல் ஊறிக்கொண்டிருக்கும் டிரம்மில் யாரும் தலையை விடக் கூடாது. புளிக்கும்போது வருகிற காற்று கனமானது, அடியிலேயே தங்கும். கழுவிக் காய்ந்த டிரம் என்பதால்தான் விட்டேன்.)

கழன்று வந்ததும் ரெண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று, ரப்பர் வாஷரை வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் போட்டிருந்தார்கள். உள்பக்கம், தலைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பார்க்க ரெண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும். ஆனால் உள்ளே வாஷர் இல்லாவிட்டால் கரைசல் தலைக்கு அடியில் நுழைந்து, ஓட்டை வழியாக நிப்பிளின் மரையைப் பிடித்துக்கொள்ளும். மரை என்பது சுருள் படிக்கட்டு. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் படிக்கட்டு அடைபடாது, அது ஒரே சீராகப் போகிற மரை, இறுக இறுக நெருங்குகிற மரை இல்லை. தண்ணீர் மெதுவாகப் படியேறி, வெளி வாஷருக்கு உள்ளாகவே சுற்றி, நட்டின் மறுபக்கம் வந்து சொட்டும். ஆளுக்கு ஆள் நட்டை முறுக்கியும் நிற்காததன் ரகசியம் இதுதான். உள்ளேயே தடுத்தால் மரை வரை வரவே முடியாது. போதாததற்கு உள்ளே இருக்கிற கரைசலின் கனமே தலையை வாஷர் மேல் அழுத்தும்.

ரெண்டாவது, டிரம் உருண்டை, வாஷர் தட்டை. வெளிப்பக்கம் வைத்தால் நடுவில் மேலிருந்து கீழ் ஒரு கோடு மட்டும் தொடும், இடமும் வலமும் சந்து. உள்பக்கம் வைத்தால் இடமும் வலமும் தொடும், மேலும் கீழும் சந்து. ஃபிட்டிங் பெரிசாகப் பெரிசாக சந்தும் பெரிசு. அரை இஞ்ச் நிப்பிளில் தெரியாதது ஒன்றரை இஞ்சில் நன்றாகத் தெரியும். மேல் தொட்டிக்குக் கொடுக்கிற மெல்லிசு வாஷர் இந்தச் சந்தை நிரப்பாது.

இதில் ஆச்சரியம், உள்ளே அழுத்தமே கிடையாது. மூன்றடித் தண்ணீர் என்பது சைக்கிள் டியூப் காற்றில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்த அழுத்தத்துக்கா மூணு மாசம் அவதி என்று கேட்டால், ஆமாம், அதற்குத்தான். அழுத்தம் கம்மி என்பதால் பீய்ச்சாது, சொட்டும். பீய்ச்சியிருந்தால் முதல் நாளே கழற்றியிருப்போம்.

வேலை எளிது. பழைய டிராக்டர் டியூபை நிப்பிள் தலையைவிட அரை இஞ்ச் பெரிசாக வட்டமாக வெட்டினேன், மூன்று வட்டம். ரெண்டு உள்ளே, ஒன்று வெளியே. டிராக்டர் டியூப் தடிமனும் உண்டு, மெதுவாகவும் இருக்கும், வளைவுக்கு வளைந்து கொடுக்கும். ஓட்டையைப் பழுக்கக் காய்ச்சின கம்பியில் போட்டிருந்தார்கள் போல, சுற்றிலும் உருகிய விளிம்பு உதடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. அந்த உதட்டின் மேல் எந்த ரப்பரும் உட்காராது. பிளேடால் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, விரல் வைத்தால் மேடு தட்டாத அளவுக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. மொத்த வேலையில் பாதி நேரம் அதுதான்.

வால்வு மாட்டுகிற பக்கத்துக்கு மட்டும் டெப்லான் டேப். மரையின் முனை நம்மைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றுகிற திசையில், நாலு சுற்று, இழுத்துப் பிடித்து. எதிர்த்திசையில் சுற்றினால் வால்வை முறுக்கும்போது டேப் அத்தனையும் பிரிந்து வெளியே வந்துவிடும். பழைய பிளம்பர்கள் சணலைப் பிரித்துச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் தடவுவார்கள். இரும்புக் குழாய்க்கு அது நல்ல வேலை. பிளாஸ்டிக் மரைக்குச் சணலைத் திணித்தால் வெளி மரை விரிந்து வெடித்துவிடும். ஸ்பானரும் வேண்டியதில்லை. கையால் முறுக்கி, நின்ற பிறகு கொஞ்சம் அழுத்தி ஒரு சுற்று. பித்தளை வால்வு கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் கோமியத்திலிருந்து வருகிற அம்மோனியா பித்தளையைத் தின்னும், பச்சை பூத்துக் கடைசியில் கைப்பிடி திரும்பாது. பிளாஸ்டிக் பால் வால்வு போதும்.

பாப்பா மறுபடி உள்ளே போனாள். ரெண்டாவது பரோட்டா.

ஒழுகுகிறதா இல்லையா என்று பார்ப்பதில் அப்பா என்னை மிஞ்சிவிட்டார். நான் டிரம்மில் வெறும் தண்ணீரை நிரப்பிவிட்டு, நிப்பிளைத் துடைத்துத் துடைத்துக் கையால் தடவிக்கொண்டிருந்தேன். கை ஏற்கெனவே ஈரம், எது புது ஈரம் என்று தெரியவில்லை. அப்பா வீட்டுக்குள் போய் திருநீற்றுப் பையோடு வந்தார். நட்டைச் சுற்றி, வால்வைச் சுற்றி, பழநி ஆண்டவருக்குச் சாத்துகிற மாதிரி பூசிவிட்டார். "எங்க கருக்குதோ அங்கதான் சாமி கசியுது." அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நட்டுப் பக்கம் வெள்ளை வெளேர். வால்வு மரையில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அதைக் கழற்றி டேப்பை மாற்றிச் சுற்றியதும் அதுவும் நின்றது.

மறுநாள் காலையில் நட்டைக் கால் சுற்று இறுக்கினேன். இது முக்கியம். பாலித்தீன் சுவர் அழுத்தத்தில் மெதுவாக இளகிக் கொடுக்கும், வெயில் பட்டால் இன்னும் கொஞ்சம். இன்றைக்கு இறுக்கமாக இருப்பது நாளைக்கு லேசாகத் தளர்ந்திருக்கும். ஒரு தடவை இறுக்கிவிட்டால் பிறகு தங்கிவிடுகிறது. ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. தளத்தைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தோம். அப்பா நிற்கிற இடத்தில் சொரசொரப்பான பலகைக்கல் ஒன்றும் போட்டாயிற்று.

இதற்கிடையில் என் அக்கா மகன் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டான். அவன் அங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறான். நம்மூரில் செய்தால் போலீஸ் வரும். அங்கே சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டாம். ஒரு தடவைக்கு 23 லிட்டர், எல்லாம் அவனே பிளாஸ்டிக் டிரம் வாங்கிக் குழாய் வைத்துச் செய்தது. "மாமா, டிரம்முக்குக் கீழ ஒரே பிசுபிசுன்னு இருக்கு, எறும்பு வருது" என்று வீடியோவில் காட்டினான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நட்டுக்கு அடியில் வெளியே ஒரு வாஷர், அதே மாதிரி.

வாஷரை உள்ளே மாற்றச் சொன்னேன். ஆனால் டிராக்டர் டியூப் மஞ்சளுக்குத்தான் ஆகும், குடிக்கிற சாமானுக்கு ஆகாது. அவன் சாப்பாட்டுக்கு உகந்த சிலிக்கான் வாஷர் வாங்கிக்கொண்டான். இன்னொன்றும் சொன்னேன். நமக்கு ஒழுகினால் நஷ்டம் அரை வாளிதான், நுண்ணுயிர் எது உள்ளே வந்தாலும் வரவேற்புதான். அவனுக்கு அப்படியில்லை. மரை இடுக்கில் பழைய பீர் தங்கிப் புளித்தால் அடுத்த ஈடு முழுவதும் கெட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் வால்வைக் கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். மூடியில் செருகின குழாயில் குமிழி வரவில்லை, புளிக்கவே இல்லையோ என்றும் கவலைப்பட்டான். மூடி விளிம்பில் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தால் அங்கே நுரைத்ததாம். காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது, பீர் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்க் கசிவுக்குத் திருநீறு, காற்றுக் கசிவுக்குச் சோப்பு. (நம் கரைசல் டிரம்முக்கு மூடியே இறுக்கக் கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடினால் போதும்.)

பக்கத்திலிருந்த அப்பாவுக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை.

"அவனும் கரைசல் போடறானா?"

"பீருங்கப்பா."

"சக்கரை போடுவானா?"

"போடுவானுங்க."

"அப்ப நம்ம கரைசல்தான்" என்று முடித்துவிட்டார்.

இப்போது காலை ஐந்தரைக்கு மோட்டார் ரூம் பக்கம் கலக்குகிற சத்தம் கேட்கிறது. டிரம்மின் மேல் சாக்பீஸில் தேதி எழுதுகிறார், எந்த ஏக்கர் என்று எழுதுகிறார். மூன்றாம் நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு நீலக் கைப்பிடியைக் கால் சுற்று திருப்புகிறார், வடிகட்டித் தொட்டி நிறைவதைப் பார்த்துக்கொண்டு கல்லின்மேல் நிற்கிறார். சட்டி கட்டுத்தரைக்குத் திரும்பிவிட்டது, கோழி அதில் தண்ணீர் குடிக்கிறது. வழுக்கலைப் பற்றி மனைவி ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அது பாராட்டு.

போன வாரம் அப்பா ஒரு 50 லிட்டர் டிரம்மோடு வந்து நின்றார். மீன் அமிலம் போடப்போகிறாராம், மீன் கழிவு ஒரு பங்குக்கு வெல்லம் ஒரு பங்கு. அதற்கும் அடியில் குழாய் வேண்டுமாம். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், கிழக்கு மூலைத் தென்னைக்கு அந்தப் பக்கம், காற்று வீட்டுப் பக்கம் வராத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். இந்த டிரம்முக்கு முக்கால் இஞ்ச் நிப்பிள் வாங்கி வைத்திருக்கிறேன், ஓட்டையை ட்ரில்லில் போடுவதாக உத்தேசம். உள்ளே போய்ப் பிடிக்கப் பாப்பா மூன்று பரோட்டா கேட்கிறாள், மீன் என்பதால்.